தலைப்பிரட்டைத் தொட்டிக்கு ஒரு மலிவான தடுப்பு

தலைப்பிரட்டை தவளையாக மாறுவதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டுவது உயிரியல் பாடத்தின் நெடுநாளைய வழக்கமாகும். மழை மிகுந்த கட்சால் தீவின் பள்ளிகளிலும் இதனை எளிதில் செய்யலாம். ஆனால், ஒரே தொட்டியில் விடப்பட்ட இளம் பிராணிகள் ஒன்றையொன்று கடிப்பதும் தின்பதும் உண்டு.

இத்தகைய பிராணிகளுள் புகழ் பெற்றது மெக்சிகோ நாட்டுச் சோச்சிமில்கோ நீர்நிலையின் ஆக்சலாட்டில் ஆகும். அதன் குஞ்சுகள் உடன்பிறந்தவற்றின் கால்களைக் கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் வளரும். குளிர்ந்த நீர் வேண்டிய அப்பிராணி நிக்கோபாரின் வெப்பத்திற்கு ஏற்றதன்று. தலைப்பிரட்டைக்கோ மீண்டும் வளரும் வாய்ப்பு பெரும்பாலும் கிட்டுவதில்லை. அந்தமானில் குடியேறிய இந்தியக் காளைத் தவளையின் தலைப்பிரட்டைகளுடன் சேர்த்து வைத்தபோது, உள்ளூர் இனங்களின் தலைப்பிரட்டைகளுள் ஒன்றும் பிழைக்கவில்லை என 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரிக்கத் தடுப்பு அவசியமாகிறது.

தடுப்பு நீரை விடவேண்டும், உடலை விடலாகாது, நஞ்சைக் கலக்கலாகாது. இம்மூன்றாவதே பெரிதும் மறக்கப்படுவது. கைக்கு எளிதில் அகப்படும் வலை, மலேரியாத் தடுப்புக்காக வழங்கப்படும் கொசுவலையே. அதன் நூலில் பைரித்ராய்டு என்னும் பூச்சிமருந்து சேர்ந்துள்ளது. குறைந்தது 20 முறை துவைத்தாலும் பயன் குன்றாதவாறு அது செய்யப்படுகிறது. எனவே கழுவிப் பயன்படுத்தலாம் என எண்ணுவது தவறு. மிகச் சிறு அளவிலும் அம்மருந்து மீனையும் தலைப்பிரட்டையையும் கொல்லும். நாகம் பூசிய கம்பி வலையும் செப்புக் கம்பியும் ஆகா.

மருந்திடாத, கெட்டியான பிளாஸ்டிக் வலைத்தாளே தகுந்தது. அதன் கண்கள் மிகச் சிறிய பிராணியின் தலையினும் சிறியனவாக இருத்தல் வேண்டும். காகிதங்களைச் செருகும் கோப்பின் பிளாஸ்டிக் பட்டைகள் மூன்றை எடுத்து, தொட்டியின் இரு பக்கங்களிலும் அடியிலும், வாய் உட்புறம் நோக்க, மீன்தொட்டிக்குரிய சிலிக்கோன் பசையால் ஒட்டுக. பசையின் நெடி முற்றும் நீங்கும்வரை, குறைந்தது 2 நாட்கள், உலரவிடுக. பின்னர் வலையைப் பட்டைகளில் செருகுக. வெட்டிய கூரிய விளிம்புகள் அவற்றுள் மறைந்துவிடும். மேல் விளிம்பு நீர்மட்டத்திற்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்கட்டும். ஓரத்தில் இடைவெளி இருப்பின் பிராணி சிக்கி இறக்கும்.

தடுப்பு கடியைத் தவிர்க்குமேயன்றிக் கழிவைக் குறைக்காது; நீரை அவ்வப்போது சிறிது சிறிதாக மாற்றுக. கால் முளைத்தவை ஏறி மூச்சுவிட ஒரு கல் வைக்க.

பாடம் முடிந்ததும் எடுத்த குட்டையிலேயே அவற்றை விடுதல் வேண்டும். வேறு தீவிற்குக் கொண்டுசெல்லலாகாது. கொசுவலை துவைத்த நீரை ஓடையில் கொட்டலாகாது என்பதையும் களப்பணியாளர் இத்தொட்டியைக் காட்டியே மக்களுக்கு எளிதில் விளக்கலாம்.