மிளகின் கொழுகொம்பும் ஆலையின் உலைக்களமும்

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அலுவிகாரையைக் கடந்து பலாபத்வலப் பக்கம் வருவோர் மிளகுக் கொடியைக் கண்டு மகிழ்வர். அக்கொடியைத் தாங்கி நிற்கும் மரத்தையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் அது கிளிரிசிடியா மரமாகவே இருக்கும். வேலிக்கதியாலாகவும் கொழுகொம்பாகவும் நாம் அறிந்த இம்மரம் நாட்டின் வலுத் தேவைக்கும் உதவவல்லது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் தாயகம் மத்திய அமெரிக்கா. கொக்கோப் பயிருக்கு நிழல் தருவதால் ஸ்பானிய மொழியில் இதனைக் 'கொக்கோவின் தாய்' என்பர். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன. இலை பசளையாகும், மாட்டுக்குத் தீவனமுமாகும். மிளகுக்குப் போதிய வெளிச்சம் வேண்டுமாதலின் காலந்தோறும் இதன் கிளைகளைக் கழிக்க வேண்டியுள்ளது. கழித்த கிளைகள் மீண்டும் தழைக்கும். ஆதலால் மரத்தை வீழ்த்தாமலே விறகு கிடைக்கின்றது.

லுணுவிலயிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையத்தினர் தென்னைகளுக்கிடையே இதனை வளர்க்கும் முறைகளை ஆராய்ந்தனர். 2005-ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் இதனை அறிவித்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது. 2008-இல் டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையில் தாவர எரிபொருளால் இயங்கும் 10 மெகாவாற்று மின்நிலையத்தை நிறுவி, கமக்காரரிடம் கிளிரிசிடியா விறகை வாங்கலாயிற்று. 2022-இல் எரிபொருளுக்காக நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நினைப்போர் இம்முயற்சிகளின் அருமையை உணர்வர்.

எனினும், விறகு கிடைத்தால் மட்டும் போதாது; அதனை வீணாக்காமல் எரிக்கவும் வேண்டும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மாருக்கு இவ்வுண்மையை நாம் விளக்க வேண்டியதில்லை. பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீரே. அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி கழிகின்றது. எஞ்சியதும் புகையாய்ப் போகலாம். நூற்றுக்கு 50 வீதம் ஈரமுள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 8 மெகாயூல் வெப்பம் தரும். ஈரம் 20 வீதமாகக் குறைந்த ஒரு கிலோ விறகோ ஏறத்தாழ 14 மெகாயூல் தரும்.

சிக்கல் இங்கேதான் எழுகின்றது. கமக்காரர் ஒருவர் 100 கிலோ பச்சை விறகை இவ்வாறு உலர்த்தினால் அது 62½ கிலோவாகக் குறையும். அது தரும் மொத்த வெப்பமோ குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்யும். ஆனால் நிறையை மட்டும் பார்த்து ஒரே விலை கொடுத்தால் அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பார். நல்ல விறகைத் தந்தவர் நட்டமடைவதும், தண்ணீரைத் தந்தவர் இலாபமடைவதும் எவ்வகை நீதி? நிறுப்பதோடு ஈரத்தையும் அளந்து விலை கொடுத்தால், ஆலைக்குச் சிக்கனமும் கமக்காரருக்கு நியாயமும் ஒருங்கே கிட்டும்.

இதற்கு அளவும் முறையும் வகுத்துத் தருவது ஆராய்ச்சியாளர் கடமை. அவற்றை ஆலை வாயிலில் கைக்கொள்வது கைத்தொழிலாளர் கடமை. நிலைபேறான முறையில் பெறப்படும் விறகுக்கென 2016-இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தரக் கட்டளை வகுத்தமை நல்ல தொடக்கமாகும். அது சிறு தோட்டக்காரரின் படலை வரைக்கும் வந்து சேர வேண்டும்.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். வேலியிற் கழித்த ஒரு பச்சைக் கிளையை இன்று நிறுத்துக் குறித்து வையுங்கள். மழை படாத இடத்தில் சில கிழமை உலரவிட்டு மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த நிறை எவ்வளவோ, அவ்வளவும் விறகின் பெயரால் விலைபோகவிருந்த தண்ணீரே.