ஓய்வுபெறும் வயதில் வரும் மெமோ

திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 1984-ல் பஞ்சப்படி கேட்டு நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. அந்த நாட்களில் கைமடிக்கும் பையனாகவும் பிசிறு வெட்டும் பெண்ணாகவும் கம்பெனிக்குள் நுழைந்தவர்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீதை டிரங்குப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கும் தலைமுறை அது. இவர்களில் ஓய்வுக்கு ஓரிரு வருடம் இருக்கும்போது சிலர் கைக்கு வருவது மாலை அல்ல, மெமோ.

மெமோவில் இருக்கும் வாசகங்கள் அநேகமாக மூன்றே வகைதான். மேலாளரைத் தகாத வார்த்தையில் பேசி ரகளை செய்தார். துணியையோ நூலையோ வெளியே கடத்த முயன்றார். சொல்லாமல் கொள்ளாமல் பல நாள் வேலைக்கு வரவில்லை. முப்பது வருடம் ஒழுங்காக இருந்த மனிதர் முப்பத்தோராவது வருடத்தில் திடீரென்று ரவுடியாகவும் திருடராகவும் எப்படி மாறினார் என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் பணிக்கொடைச் சட்டத்தில் இருக்கிறது.

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்கிறது சட்டம். கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 500. வருடத்துக்கு 15 நாள் வீதம் 7,500. முப்பது வருடத்துக்கு 2,25,000 ரூபாய். ராஜினாமா செய்தாலும் இந்தப் பணம் உண்டு, ஓய்வுபெற்றாலும் உண்டு. சாதாரண வேலைநீக்கத்தில்கூட இதைப் பறிக்க முடியாது. ஆனால் ரகளை, வன்முறை என்ற காரணத்துக்காகவோ, வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் என்ற காரணத்துக்காகவோ நீக்கினால் முழுவதையுமோ ஒரு பகுதியையோ பிடித்தம் செய்யலாம் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இப்போது மேலே சொன்ன மெமோ வாசகங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

ஒழுக்கக்கேடு என்று சொல்லிப் பிடித்தம் செய்வதானால் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்று முன்பு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் அந்த நிலை மாறிவிட்டது. நிர்வாகம் நடத்தும் விசாரணையே போதும் என்றாகிவிட்டது. ஆகவே கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை வெறும் சடங்கு என்று நினைத்து, போகாமல் வீட்டில் இருந்துவிடுவது இனிமேல் பெரிய ஆபத்து.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு இவ்வளவு கணக்கா என்று சிலருக்குத் தோன்றலாம். திருப்பூரில் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்களின் கதைகள் ஏராளம். ஷாரத் சாரி என்ற ஆய்வாளர் கவுண்டர் சமூகத்து உழவர்கள் பனியன் தொழிலாளிகளாகி, பிறகு முதலாளிகளானதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அவர்கள் உழைத்தார்கள், மறுப்பதற்கில்லை. கூடவே அடகு வைக்கக் காடு இருந்தது, கைமாற்றுக் கொடுக்க மாமன் மச்சான் இருந்தார்கள், நூல் கடன் கொடுக்கத் தெரிந்த கடைக்காரர் இருந்தார். அதே ஓவர்லாக் மெஷினில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த அருந்ததியருக்கும் பறையருக்கும் இருந்தது என்ன? தோட்டத்துப் பண்ணையத்தில் அப்பன் வாங்கிய கடன், விசைத்தறிப் பட்டறையில் அண்ணன் வாங்கிய பாக்கி. முப்பது வருட வேலையின் முடிவில் கைக்கு வரும் பணிக்கொடைதான் காலனித் தொழிலாளியின் ஒரே காடு தோட்டம். அந்தக் காட்டைத்தான் மெமோ பிடுங்கிக்கொள்கிறது.

‘தகாத வார்த்தை’ என்ற குற்றச்சாட்டுக்கு நம் ஊரில் இன்னொரு முகமும் உண்டு. இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் ஐம்பத்தேழு வயது மனிதரை வாடா போடா என்று பேசுவார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒருநாள் பெரியவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது ஒழுங்கீனம். 1982-ல் ராமகாந்த் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வருடம் குறையில்லாமல் வேலை செய்தவரை வாய்வார்த்தைக்காக வேலையைவிட்டே அனுப்புவது அதிகம் என்று சொல்லி, இரண்டு ஊதிய உயர்வை நிறுத்துவதே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. 2005-ல் மஹிந்திரா வழக்கில் அதே நீதிமன்றம், மேலதிகாரியை ஆபாசமாகப் பேசியவரின் நீக்கம் செல்லும் என்றது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பேச்சு எங்கிருந்து தொடங்கியது, முதலில் யார் என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார் என்பதை விளக்கக் கடிதத்தில் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாலு பேர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் வழக்குக்காகச் சேர்த்தது என்பார்கள்.

‘வேலைக்கு வரவில்லை’ என்ற குற்றச்சாட்டு இன்னும் பழையது. ராபர்ட் டிசௌசா 1948-ல் தெற்கு ரயில்வேயில் தண்டவாளக் கூலியாகச் சேர்ந்தவர். இருபது வருடத்துக்கு மேல் உழைத்தும் தற்காலிகக் கூலிதான். 1974-ல் வேலைக்கு வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். பெயரை அடிப்பதும் ஆட்குறைப்புதான், முன்னறிவிப்பும் இழப்பீடும் கொடுக்காமல் செய்தால் செல்லாது என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்பது காரணம். அவரோ, தினமும் வந்தேன், கேட்டில் நிறுத்தி உள்ளே விடவில்லை என்றார். விசாரிக்காமல் நீக்கியது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று சொல்லி, பாதிப் பின்சம்பளத்துடன் வேலையைத் திருப்பித் தந்தார்கள். கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய், சான்று கிடைக்கும்படி கடிதம் அனுப்பச் சொல்வது இதனால்தான்.

‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்ற பதில்தான் பனியன் கம்பெனிகளில் மிகவும் வசதியான பதில். பீஸ் ரேட், கான்ட்ராக்டர் ஆள், பெயர் மாறிய கம்பெனி என்று அதற்கு வழிகள் பல. தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. ஆனால் வேலை செய்ததைக் காட்ட வேண்டிய பொறுப்பு தொழிலாளியின் தலையில்தான் முதலில் விழுகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், வங்கிப் புத்தகம், டோக்கன், போனஸ் கவர் எல்லாம் அங்கே சாட்சி பேசும். அதே 1981-ல் வந்த இன்னொரு மாநிலச் சட்டப்படி, இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமும் அடுத்த 90 நாளுக்கு முக்கால் சம்பளமும் அதற்குப் பிறகு முழுச் சம்பளமும் பிழைப்புப்படியாகக் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

சங்கம் என்ன செய்யும்? இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேசத்தான் வேண்டும். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் தொடங்கியது. மூன்றே வருடத்தில் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் தனியே பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது என்பது பாதி உண்மை. பயன்படுத்த ஒரு பிளவு ஏற்கெனவே இருந்தது என்பது மீதி. பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோரை விடாததை அம்பேத்கர் ஓயாமல் சுட்டிக்காட்டினார். 1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளியின் எதிரிகள் என்றார். அதே வருடம் நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்ட்டுகளோடு சேர்ந்து நின்றார். சங்கத்தை விமர்சித்ததும் அவர்தான், சங்கத்தோடு நின்றதும் அவர்தான்.

இது வெறும் பழங்கதை இல்லை. ஒருவரின் வேலைநீக்கத்தைச் சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ கையில் எடுத்தால்தான் அது தொழில் தகராறு ஆகும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கையில் எடுக்க ஆளில்லாதவர் வாசலோடு போக வேண்டியதுதான். 1965-ல் 2-ஏ என்ற பிரிவு சேர்ந்த பிறகுதான் தனி ஒருவரின் நீக்கமும் தகராறு என்றாயிற்று. கமிட்டியில் சொந்தக்காரர் யாரும் இல்லாத காலனித் தொழிலாளிக்கு இந்தச் சின்னப் பிரிவு பெரிய கதவு. 1971-ன் இறுதியில் வந்த 11-ஏ பிரிவு, தண்டனை அதிகம் என்று கண்டால் அதை மாற்றும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. முப்பது வருடக் கறையற்ற பதிவு அங்கேதான் எடைக்கு வருகிறது. நீக்கம் தவறு என்று முடிவானால் பின்சம்பளம் முழுவதும் தருவதே பொதுவான விதி என்று 2013-ல் தீபாலி சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடக்கும்போதே ஓய்வு வயது வந்துவிட்டால் வேலை திரும்பக் கிடைக்காது. ஆனால் அந்த வயதுவரை உள்ள சம்பளத்தையும் பணிக்கொடையையும் கேட்கலாம். ‘அறுபது வயசு ஆகப்போகுதுங்க, இனி கேஸ் போட்டு என்ன பிரயோசனம்’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

சங்கத்துக்குத் தலித் பெண்களே தலைமை ஏற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலையான நாச்சி அப்பேரலில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கத்துக்கும் ஈஸ்ட்மேனுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது, எச் அண்ட் எம் நிறுவனமும் தனியாகக் கையெழுத்திட்டது. பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கான அந்த ஒப்பந்தத்தில், சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான உறுதியும் உண்டு, புகார் செய்தவரையோ சங்கத்தில் சேர்ந்தவரையோ பழிவாங்கக் கூடாது என்பதும் உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியையும் கையெழுத்துப் போடவைத்த இதை நம் பனியன் சங்கங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

கடைசியாக, படிக்கிற பிள்ளைகளுக்கு. அப்பாவோ அம்மாவோ மெமோ வாங்கி வந்தால், வெற்றுத்தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடவிடாதீர்கள். ‘செட்டில்மென்ட்’ என்று நீட்டும் தாளை முதலில் நீங்கள் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். பி.எஃப். பணமும், பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் வரும் பென்ஷனும் எந்த நீக்கத்தாலும் போகாது என்பதைச் சொல்லித் தைரியம் கொடுங்கள். பிறகு நீக்க உத்தரவின் தேதியைக் குறித்துவையுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரடியாக வழக்குப் போடலாம். இதற்கு முன்பு மூன்று வருடம் அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டது. சமரச அலுவலருக்குக் கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம், வக்கீல் கையெழுத்து தேவையில்லை.