கோப்புப் பரிமாற்றமும் அறுபடும் தொடர்பும்: ஒரு விளக்கம்

தொலைவிலுள்ள ஒரு கணினிக்குக் கோப்பொன்றை அனுப்புதல் இன்று அன்றாடக் காரியமாகிவிட்டது. நூல்களை எண்ணிமப்படுத்துவோரும், ஆய்வுத் தரவுகளைச் சேமிப்போரும், இணையத்தளங்களை நடத்துவோரும் இதற்கெனக் கோப்புப் பரிமாற்ற மென்பொருள்களைக் கையாளுகின்றனர். தொடர்பு ஒழுங்காக இருக்கும்வரை அவற்றின் உள்ளியக்கத்தைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. தொடர்பு அறுந்ததும் பயனாளர் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். அல்லது ‘விடயம் அறிந்தவர்’ ஒருவரின் வருகைக்காகக் காத்திருக்கிறார். இவ்விரண்டும் பெரும்பாலும் தேவையற்றவை. தொடர்பு எவ்விடத்தில் அறுந்தது என்பதைச் சேவையகமே பல வேளைகளில் சொல்லிவிடுகிறது. அதன் மொழியை வாசிக்கும் முறையையும், அம்மொழி அவ்வாறு அமைந்தமைக்கான வரலாற்றுக் காரணங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றச் சூழல்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் ஐக்கிய அமெரிக்காவில் நான்கு நிலையங்களுடன் தொடங்கியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களுமே அதில் இணைந்திருந்தன. 1971 ஏப்பிரலில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த அபய் பூஷண் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவினை வெளியிட்டார். எவ்.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே. பல திருத்தங்களின் பின்னர், ஜோன் பொஸ்ரல், ஜொய்ஸ் றெனோல்ட்ஸ் ஆகிய இருவரும் 1985 ஒக்ரோபரில் ஆர்.எவ்.சி. 959 என்னும் ஆவணத்தில் அதனை வரையறுத்தனர்.

எந்தத் தொழினுட்பமும் தான் பிறந்த சமூக உறவுகளின் முத்திரையைத் தாங்கியே வெளிவருகிறது. எவ்.ரி.பி. ஒருவரையொருவர் அறிந்த சிறியதோர் ஆய்வாளர் சமூகத்தின் படைப்பு. அதன் இரு பண்புகள் இதனைக் காட்டுகின்றன. முதலாவது, கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி வெளிப்படையாகவே அனுப்பப்பட்டது. இரண்டாவது, ஒரு பரிமாற்றத்துக்கு இரு தனித்தனித் தொடர்புகள் பயன்படுத்தப்பட்டன. கட்டளைகளுக்கு ஒன்று, கோப்பின் உள்ளடக்கத்துக்கு மற்றொன்று. இன்று நேரும் இடர்ப்பாடுகளிற் கணிசமானவை இவ்விரு பண்புகளிலிருந்தே பிறக்கின்றன.

2. எண் வருமுன் நேரும் தோல்விகள்

சேவையகம் ஒரு சொல்லேனும் பேசுமுன்னரே தொடர்பு தோல்வியுறலாம். இதில் மூன்று நிலைகளை வேறுபடுத்துதல் அவசியமாகும்.

சேவையகத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டறிய இயலவில்லை என்ற செய்தி வருமாயின், பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம். அல்லது பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை இயங்காதிருக்கலாம். இங்கே கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதாற் பயனில்லை.

‘தொடர்பு மறுக்கப்பட்டது’ எனின், மறுமுனையிலிருந்து ஒரு பதில் வந்துவிட்டது என்பது பொருள். பெரும்பாலும், அக்கணினி இயங்குகிறது. ஆனால் நாம் தட்டிய வாயிலில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை. எவ்.ரி.பி.க்குரிய வாயில் எண் 21. பின்னர் குறிப்பிடப்படும் எஸ்.எவ்.ரி.பி.க்குரியது 22. இவ்வெண்ணைப் பிழையாகக் கொடுத்தல் இத்தோல்விக்கு வழமையான காரணங்களுள் ஒன்றாகும்.

‘காலம் கடந்துவிட்டது’ எனின், மறுப்பும் இல்லை, விடையும் இல்லை, மௌனம் மட்டுமே. சேவையகம் நிறுத்தப்பட்டிருக்கலாம், அல்லது இடையிலுள்ள தீச்சுவர் ஒன்று நமது செய்தியை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம். மறுப்பும் மௌனமும் ஒன்றல்ல என்பதை உணர்ந்தாலே தேடுதலின் எல்லை பாதியாகக் குறைந்துவிடும்.

3. எண்களின் இலக்கணம்

சேவையகம் பேசத் தொடங்கியதும் அதன் ஒவ்வொரு விடையும் மூன்று இலக்க எண்ணொன்றுடன் வருகின்றது. முதலிலக்கம் விடையின் தன்மையைக் காட்டும்: 1 தொடக்கம், 2 நிறைவு, 3 மேலும் தகவல் தேவை, 4 தற்காலிகத் தோல்வி, 5 நிரந்தரத் தோல்வி. இரண்டாமிலக்கம் துறையைச் சுட்டும்: 0 கட்டளையின் அமைப்பு, 1 தகவல், 2 தொடர்புகள், 3 அடையாளம் உறுதிப்படுத்தல், 5 கோப்புத் தொகுதி.

இவ்விலக்கணத்தை அறிந்தவர் எண்களை மனனஞ் செய்யவேண்டியதில்லை. 530 என்பதில் 5 நிரந்தரத் தோல்வியையும் 3 அடையாளத்தையும் குறிக்கின்றன. ஆகவே பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ சரிபார்த்தல் வேண்டும். 550 வருமாயின் அடையாளம் ஏற்கப்பட்டுவிட்டது. குறித்த கோப்பு இல்லை, அல்லது அதனைத் தொட நமக்கு அனுமதியில்லை. 552 ஒதுக்கப்பட்ட சேமிப்பிடம் தீர்ந்துவிட்டதைச் சொல்கிறது. 425 தற்காலிகத் தோல்வி. உள்ளடக்கத்துக்கான இரண்டாவது தொடர்பைத் திறக்க இயலவில்லை என்பது அதன் கருத்து. 4இல் தொடங்கும் எண்ணுக்கு மீண்டும் முயலுதல் பொருந்தும். 5இல் தொடங்கும் எண்ணுக்கு எதையேனும் மாற்றாது முயலுதல் வீண்.

4. மதில்களும் இரண்டாவது தொடர்பும்

உள்நுழைவு வெற்றி பெறுகிறது; ஆனால் கோப்புப் பட்டியல் தோன்றாது திரை வெறுமையாக நிற்கிறது. பயனாளரை மிகவும் மயக்கும் இந்நிலைக்கு விளக்கம் இரண்டாவது தொடர்பிலேயே உள்ளது. ஆதி முறையில், பயனாளரின் கணினி தனது முகவரியைச் சொல்ல, சேவையகம் அங்கு வந்து இணைந்தது. எல்லாக் கணினிகளும் நேரடியாக அணுகக்கூடியனவாய் இருந்த காலத்தில் இது இயல்பானதே. 1990களில் வலையமைப்பு விரிவடைந்தபோது தீச்சுவர்கள் எழுந்தன; ஒரு பொது முகவரியைப் பல கணினிகள் பகிரும் வழக்கமும் வந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பு அதனால் தடைப்பட்டது.

இதற்குரிய மாற்று, 1985ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருந்த ‘பாசிவ்’ முறையாகும். இதில் சேவையகம் வாயிலொன்றைத் திறந்து அறிவிக்க, பயனாளரின் கணினியே சென்று இணைகிறது. அவ்வறிவிப்பு 227 என்ற எண்ணுடன் ஆறு எண்களைத் தரும். முதல் நான்கும் முகவரி. இறுதி இரண்டும் வாயில். 195, 80 என வருமாயின், 195ஐ 256ஆற் பெருக்கி 80ஐக் கூட்ட 50000 என்ற வாயில் எண் கிடைக்கும். முதல் நான்கு எண்களும் 192, 168 எனத் தொடங்குமாயின், சேவையகம் தனது உள்ளக முகவரியை வெளியாருக்குச் சொல்கிறது என்பதை அறியலாம். வெளியிலிருந்து இணைவோரைப் பொறுத்தவரை, பிழை அப்போது சேவையகத்தின் அமைப்பிலேயே உள்ளது.

5. நம்பிக்கையின் இடத்தில் காப்பு

வெளிப்படையான கடவுச்சொல்லும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1995இல் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாக ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு பணியாற்றிய தாத்து இலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்கத் தொடர்புமுறையை உருவாக்கினார். எஸ்.எவ்.ரி.பி. அதன்மீது இயங்குகிறது. பெயர் ஒத்திருப்பினும் இது எவ்.ரி.பி.யின் திருத்தமன்று, ஒரே தொடர்பிற் கட்டளையையும் உள்ளடக்கத்தையும் கொண்டு செல்லும் வேறொரு நெறிமுறை. ஆதலின் முன்னர்க் கூறிய இரண்டாவது தொடர்பின் சிக்கலும் இதில் இல்லை. குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் 2021இல் எவ்.ரி.பி.க்கான ஆதரவை நீக்கிவிட்டன.

எஸ்.எவ்.ரி.பி.யில் முதன்முறை இணையும்போது சேவையகத்தின் சாவிக்குரிய அடையாளக் குறி காட்டப்படும். பின்னொருநாள் அது மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், சேவையகம் புதிதாக நிறுவப்பட்டிருக்கலாம். இடையில் ஒருவர் சேவையகமாக நடிக்கவுங்கூடும். நிருவாகியிடம் விசாரிக்காது ‘ஆம்’ என அழுத்துதல் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

6. வந்துசேர்ந்தது எது?

226 என்ற எண் பரிமாற்றம் முடிந்ததைச் சொல்லும். கோப்பு பழுதின்றி வந்ததற்கு அது உறுதியன்று. எவ்.ரி.பி.யின் எழுத்து முறை வரிமுடிவுக் குறிகளை மாற்றக்கூடியது. படங்களையும் சுருக்கக் கோப்புகளையும் அம்முறையில் அனுப்பினால் அவை சிதையும். அவற்றுக்கு ‘பைனரி’ முறையே உரியது. தமிழ்க் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறுவதும் இத்தகையதே. பழைய நெறிமுறை ஆங்கில நெடுங்கணக்கையே கருத்திற்கொண்டது, யு.ரி.எவ்.-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். 1999இல் வெளிவந்த ஆர்.எவ்.சி. 2640 கோப்புப் பெயர்களுக்கு யு.ரி.எவ்.-8ஐப் பரிந்துரைத்தது. மென்பொருளின் அமைப்பில் அதனைத் தெரிவுசெய்தலும், அனுப்பிய கோப்பின் அளவையும் இயன்றவிடத்துச் சரிபார்ப்புத் தொகையையும் இரு முனைகளிலும் ஒப்பிடுதலும் ஆவணக் காப்பில் ஈடுபடுவோரின் வழக்கமாதல் வேண்டும்.

முடிவாக

பெயர், வாயில், அடையாளம், இரண்டாவது தொடர்பு, அனுமதி, உள்ளடக்கம் என்ற வரிசையிற் சென்றால் பழுது நேர்ந்த இடத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். மென்பொருளின் செய்திப் பதிவைத் திறந்து கடைசியாக வெற்றிபெற்ற வரியைக் கண்டறிதலே இதன் முதற்படி. பழுது அதற்கு அடுத்த படியில் உள்ளது.

ஒரு நிறுவனத்தின் ஆவணங்களுக்குச் செல்லும் வழியை ஒருவர் மட்டுமே அறிந்திருந்தால், அவர் விலகும் நாளில் அவ்வாவணங்கள் இருந்தும் இல்லாதனவாகிவிடும். இந்நெறிமுறைகளை வகுத்தோர் தமது ஆவணங்களை எவரும் விலையின்றி வாசிக்கத்தக்கதாகவே வெளியிட்டனர். அறிவு பொதுவாக்கப்பட்டுள்ளது; அதனைப் பொதுப் பழக்கமாக்குதல் நம்மைச் சார்ந்தது.