ஆல்டர்னேட்டரில் தேய்வது எது?

பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரில் ஒருநாள் டேஷ்போர்டின் பேட்டரி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இரவில் ஹெட்லைட் மங்கும். மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி போட்டும் கதை மாறவில்லை என்றால், "ஆல்டர்னேட்டர் போச்சு, புதுசு மாத்திடுங்க" என்று தீர்ப்பு வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பை உடனே ஏற்க வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டர் என்பது நாலைந்து கிலோ எடையுள்ள இரும்பு, செம்பு, அலுமினியம். அதில் உரசித் தேய்பவை முக்கியமாக இரண்டு கார்பன் பிரஷ்களும் இரண்டு பேரிங்குகளும்தான். டயோடுகளும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் தேய்வதில்லை, சூட்டில் கெடும். அவையும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவையே. மீதியுள்ள இரும்பும் செம்பும் பெரும்பாலும் வண்டியைவிட அதிக காலம் உழைக்கும். தேய்மானம் இப்படிச் சில இடங்களில் மட்டும் ஒதுங்கி நிற்பது தற்செயல் அல்ல. அப்படி நிற்கும்படி யோசித்துத்தான் இந்த எந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டரை வீட்டுத் திண்ணையில் வைத்துப் புதுப்பிக்க முடிவது அதனால்தான்.

சுழல வேண்டியது எது?

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே லண்டனில் 1831-இல் கண்டுபிடித்தார். காந்தம் நிற்க, சுருள் நகர்ந்தாலும் அதே பலன் கிடைக்கும். பழைய கார்கள் இந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டன. ஆரம்பகால அம்பாசடர்களில் இருந்த டைனமோ அந்த வகை. அதில் காந்தம் சட்டத்தோடு நிற்கும், சுருள் சுழலும். பிறந்த மின்சாரம் முழுவதும் சுழலும் பாகத்திலிருந்து கம்யூட்டேட்டர் என்ற செம்பு உருளை, பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இருபது, முப்பது ஆம்பியர் அந்தச் சின்ன உரசலைக் கடக்கும்போது தீப்பொறி பறக்கும், செம்பு கருகும், கார்பன் கரையும். எஞ்சின் மெதுவாக ஓடும் நேரத்தில் சார்ஜும் சரியாக ஏறாது.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. மின்சாரம் பிறக்கும் சுருளான ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும். காந்தமான ரோட்டர் அதற்குள் சுழலும். இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இரும்பு நகங்களும், அவற்றின் நடுவே ஒரு செம்புச் சுருளும் சேர்ந்ததுதான் ரோட்டர். அந்தச் சுருளுக்கு மூன்று, நான்கு ஆம்பியர் கொடுத்தால் போதும், நகங்கள் மாறி மாறி வட, தென் துருவங்களாகிவிடும். பிரஷ் சுமப்பது இந்தச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே. வெளியே வரும் 40, 50 ஆம்பியர் நிலையான சுருளிலிருந்து கெட்டியான ஒயர் வழியாக, எதையும் உரசாமல் வருகிறது. உரசலில் போகும் மின்சாரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததுதான் இந்த அமைப்பின் பெரிய வெற்றி.

நிற்கும் சுருளில் பிறப்பது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றதாக மாற்றும் சிறிய, சூடு தாங்கும் சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கும்வரை கார்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960 மாடல் வேலியன்ட் கார்கள் எல்லாவற்றிலும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தயாரித்த ஆல்டர்னேட்டர்கள் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகப் பழகியவை.

கார்பன் ஏன்?

பிரஷ்ஷில் இருப்பது பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட். அதன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஒவ்வோர் ஏடும் மற்றதன் மேல் எளிதில் வழுக்கும். மின்சாரத்தையும் கடத்தும், உராய்வையும் குறைக்கும். ஓட ஓட, ரோட்டர் தண்டில் பிரஷ் உரசும் செம்பு வளையமான ஸ்லிப் ரிங் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்றைப் பூசிவிடும். அதன்பின் தேய்மானம் இன்னும் குறையும்.

இந்த வழுக்கலுக்குக் காற்றில் உள்ள ஈரமும் தேவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் பிரஷ்கள் வெகுவேகமாகத் தூளாகிப்போயின. அந்த உயரத்தில் காற்றில் நீராவி மிகக் குறைவு என்பதே காரணம். தரையில் ஓடும் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஒரே ஜோடி பிரஷ் பல ஆண்டுகள், லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் தாங்குகிறது. கார்பன் செம்பைவிட மிருதுவானது. உரசலில் விலை குறைந்தது கரையட்டும், விலை கூடியது பிழைக்கட்டும் என்பதே கணக்கு.

கழற்றுவதற்கு முன்

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லக்கூடாது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். பல பழைய வண்டிகளில் டேஷ்போர்டு பேட்டரி விளக்கின் பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் போகிறது. அந்தப் பல்பு ஃபியூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் விழித்துக்கொள்ளாது. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்பும் முன், அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ரோட்டரின் காந்தம் ஒரு நொடியில் தணிந்துவிடாது. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென விலகும்போது, நொடியின் ஒரு பகுதி நேரத்துக்கு மின்னழுத்தம் 80, 100 வோல்ட் வரை எகிறக்கூடும். டயோடு, ரெகுலேட்டர், எஞ்சினின் கணினி எல்லாவற்றையும் பறிகொடுக்க அது போதும்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் பேட்டரியோடு நேரடியாக இணைந்தது, சாவி அணைத்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் ஒரே நேரத்தில் அதையும் பாடியையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, ஸ்பேனரே பழுத்துவிடும்.

திறந்ததும் என்ன பார்ப்பது?

முன், பின் மூடிகளின் மேல் குறுக்காக ஒரு கோடு கீறிவிட்டுத்தான் நீள போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு நேராக வந்தால்தான் ஆல்டர்னேட்டர் தன் இடத்தில் உட்காரும். முன்னால் உள்ள புல்லியின் நட் பிடிவாதமாக இருக்கும். பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றி வைஸில் இறுக்கிப் பிடித்தால் புல்லி வளையாமல் நட் கழலும்.

ரோட்டரை வெளியே எடுத்ததும் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் சாதாரணமாக 2 முதல் 5 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் ரோட்டர் எர்த் ஆகியிருக்கிறது. ஸ்டேட்டரிலும் சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே தொடர்பு இருக்கக்கூடாது. வார்னிஷ் கருகிய வாடையும் கறுத்த கம்பியும் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பாது.

டயோடு தகட்டைச் சோதிக்க ஸ்டேட்டரின் மூன்று ஒயர்களை ஈயம் உருக்கிப் பிரிக்க வேண்டும். ஆறு முக்கிய டயோடுகளில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட வேண்டும். மல்டிமீட்டரின் டயோடு நிலையில் 0.4 முதல் 0.7 வரை காட்டினால் நல்லது. இரு பக்கமும் விட்டால் ஷார்ட், பேட்டரி இரவோடு இரவாக இறங்கிவிடும். இரு பக்கமும் விடாவிட்டால் அறுந்துவிட்டது, சார்ஜ் குறையும். திரும்பப் பற்றவைக்கும்போது டயோடின் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டால், சூடு டயோடுக்குள் ஏறாமல் குறடு வாங்கிக்கொள்ளும்.

பிரஷ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டால், பின்னால் தள்ளும் ஸ்பிரிங்குக்கு வலு போதாது. ஆடி ஆடிப் பொறி கக்கும். ஸ்லிப் ரிங்கில் லேசான கீறல் இருந்தால், ரோட்டரைச் சுற்றிக்கொண்டே மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும். ஒரே இடத்தில் தேய்த்தால் ரிங் வட்டம் கெட்டு, புது பிரஷ்ஷும் துள்ளும். ஆழமான பள்ளம் என்றால் லேத்தில் கொடுத்துச் சீராக்க வேண்டும், அல்லது ரிங்கையே மாற்ற வேண்டும்.

எண்ணில் ஒளிந்திருக்கும் அளவு

பேரிங்கைக் காரின் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை. அதன் மேல் பொறித்த எண்ணே அளவைச் சொல்லும். 6201 என்றால் உள்துளை 12 மி.மீ., 6202 என்றால் 15, 6203 என்றால் 17. உலகம் முழுக்க இதே கணக்கு. எஞ்சினின் புல்லி பெரியது, ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது. அதனால் எஞ்சின் 4,000 சுற்று சுற்றும்போது ரோட்டர் 10,000 சுற்றைத் தொடும். அந்த வேகமும் சூடும் தாங்கும், இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ள நல்ல பேரிங்கைத்தான் வாங்க வேண்டும். சில ரூபாய் மிச்சப்படுத்தும் இடம் இதுவல்ல.

பழையதை எடுக்கப் புல்லர் தேவை. புதியதை ஏற்றும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த வளையத்தின் மேல்தான் அழுத்த வேண்டும். தண்டில் ஏறும்போது உள்வளையம், மூடியில் இறங்கும்போது வெளிவளையம். தப்பான வளையத்தில் சுத்தியல் அடித்தால், அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். பேரிங் முதல் நாளே இரைய ஆரம்பிக்கும். அலுமினிய மூடியைச் சூடாக்குவது இன்னும் நல்ல வழி. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 35 மி.மீ. துளை 70 டிகிரி கூடுதல் சூட்டில் 0.05 மி.மீ.க்கு மேல் அகலும், பேரிங் அடியில்லாமலே இறங்கும்.

மூடும்போது பிரஷ்களை உள்ளே தள்ளி, பல மாடல்களில் பின்மூடியில் இதற்கென்றே இருக்கும் சின்னத் துளை வழியாக மெல்லிய கம்பியைச் செருகி நிறுத்த வேண்டும். பூட்டியதும் கம்பியை உருவினால் பிரஷ்கள் தாமாக ரிங்கில் போய் அமரும். கையால் சுற்றினால் பிரஷ்ஷின் லேசான பிடிப்பு மட்டுமே தெரிய வேண்டும். வண்டியில் மாட்டும் முன் பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிடுங்கள். செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் வேலையைப் புதுப்பித்த ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் டயோடுகள்தான் வேகும்.

எல்லை எது?

ஸ்டேட்டர் கருகியிருந்தால் அது காயில் கட்டும் கடையின் வேலை. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கும். பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பது அந்த வேக்குவத்தின் உதவியால். அதன் சீல் கசிந்தால் எண்ணெய் உள்ளே புகுந்து பிரஷ்ஷையும் ரிங்கையும் ஊறவைத்துவிடும். சீலை மாற்றாமல் பிரஷ்ஷை மட்டும் மாற்றிப் பலனில்லை. பிரேக்கோடு சம்பந்தப்பட்டது என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி. எஞ்சின் கணினியே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களுக்கும் இந்தக் குறிப்புகள் போதாது.

மற்றபடி, ஒரு பழைய மாருதியின் ஆல்டர்னேட்டர் நல்ல ஆய்வுக்கூடம். மின்காந்தத் தூண்டல், மூன்று கட்ட மின்சாரம், டயோடு என்று பிளஸ் டூ இயற்பியலில் தனித்தனிப் பாடங்களாக வருபவை ஒரே கூட்டுக்குள் சேர்ந்து வேலை செய்வதை அதில் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரியுங்கள். கடையில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும், மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: தேய்ந்தது எது, கெட்டது எது? பதில் பிரஷ் அல்லது பேரிங் என்றால், நாலைந்து கிலோ நல்ல இரும்பையும் செம்பையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எந்தக் காரணமும் இல்லை.