இருள் காக்கும் மலையூர்

விளக்கை மங்கலமென்றும் இருளை இடரென்றும் கொள்ளுதல் மக்களியல்பு. அந்திப்பொழுதில் விளக்கேற்றுதல் நம் நாட்டு இல்லங்களில் ஒரு வழிபாடாகவே அமைந்துவிட்டது. வேதநூலும் ஒளியின் தோற்றத்தையே படைப்பின் முதல்நாட் செயலாகக் கூறுகின்றது. இவ்வாறிருக்க, ஒளியைத் தணித்து இருளைச் செல்வமெனப் பேணும் ஊரொன்று நம் நாட்டின் வடகோடியில் இருக்கின்றதெனின், அது வியப்பன்றோ? லடாக்கின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹான்லே என்பதே அவ்வூர். வானநூலாராய்ச்சியையே தொழிலாகக் கொண்டோரும், வேட்கையொன்றே காரணமாக வானை நோக்குவோரும், ஆடும் யாக்கும் மேய்த்து வாழும் மலைமக்களும் ஆங்கே ஒருங்கு கூடியிருக்கின்றனர். அக்கூட்டுறவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதன் சுமை யார் தோள்மேல் விழுகின்றது என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

லே நகரினின்று சிந்துநதிக் கரையைத் தொடர்ந்து தென்கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் சென்றால் ஹான்லேயை அடையலாம். நம் நீலகிரியின் உச்சியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. ஹான்லேச் சமவெளியோ 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் கிடக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமுகில்களை இமயத்தொடர் தடுத்து நிறுத்திவிடுவதால், அந்நிலம் பனிக்குளிருடைய பாலையாக விளங்குகின்றது. மரங்கள் மிக அரிய. மாரிக்கால இரவுகளில் குளிர், நீர் உறையும் நிலைக்குக் கீழே 25 பாகைக்கும் இறங்குவதுண்டு. இத்தகைய நிலத்திலேதான் சாங்பா என்னும் மக்கள் பஷ்மினா ஆடுகளை ஓட்டிக்கொண்டு, மேய்ச்சல் கண்ட இடத்தில் யாக்கின் மயிரால் நெய்த கூடாரங்களை அடித்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பௌத்த மடம் ஒன்று குன்றின்மேல் நிற்கின்றது. லடாக்கின் பெருமன்னனாகிய செங்கே நம்கியால் 1642ஆம் ஆண்டில் உயிர்நீத்ததும் இவ்வூரிலேயாம்.

இனி, வானநூலார் இங்கு வந்த காரணத்தைக் கூறுவோம். இந்திய வானியற்பியல் நிலையம் நமக்குப் புதியதன்று. 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலில் நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆராய்ச்சிக்கூடத்தின் வழித்தோன்றலே அது. சவ்வாது மலையிலுள்ள காவலூரில் அந்நிலையத்தார் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் நாட்டிற்கு உரிமையாக்கப்பட்டது. காவலூர் நல்லிடமே, ஆயினும் இரு பருவமழைகளின் முகில்களும் அதன் வானத்தை ஆண்டில் பல திங்கள் மறைத்துவிடுகின்றன. அன்றியும், விண்ணினின்று வரும் செங்கீழ்க் கதிர்களைக் காற்றிலுள்ள நீராவி உண்டுவிடுமாதலால், அவற்றை ஆராய விழைவோர் உயரமும் வறட்சியும் உடைய மலையைத் தேடவேண்டியதாயிற்று. தேடியவர்கள் கண்டது ஹான்லேயிலுள்ள திக்பா-ரட்சா-ரி என்னும் மலை. தேள்மலை என்பது அப்பெயரின் பொருள். விருச்சிகத்தைத் தன் பெயரிற் சுமந்த மலைக்கு விண்மீன் ஆராய்வோர் வந்து சேர்ந்தது இனியதோர் ஒற்றுமை.

4,500 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் 2 மீட்டர் விட்டமுடைய ஆடியொன்று 2000ஆம் ஆண்டில் முதன்முதல் விண்ணொளியை ஏற்றது. சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து, 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் அஃது இமயச் சந்திராத் தொலைநோக்கி எனப்படுகின்றது. அதனை இயக்கும் ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் அம்மலையில் இருப்பதில்லை. பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டையில் ஓர் அறையில் அமர்ந்து, செயற்கைக்கோளின் வாயிலாகக் கட்டளை விடுத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆடியைத் திருப்புகின்றனர். மலையின்மேற் குளிரில் நின்று பொறிகளைப் பேணுவோர் பொறியாளரும் பணியாளருமே. அவர்களுள் தலைமை பூண்ட டோர்ஜே அங்சுக் என்பார் லடாக்கியர். பகலிற் பொறியாளர், இரவில் விண்ணைப் படம்பிடிக்கும் கலைஞர். உலக வானியல் ஒன்றியம் அவரைத் தன் கௌரவ உறுப்பினராக ஏற்றிருக்கின்றது. புலமைத் தொழிலுக்கும் வேட்கைக்கும் இடையே நாம் கிழிக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அவரே சான்றாவார்.

இம்மலையில் வேறு கருவிகளும் பின்னர் வந்தமைந்தன. அவற்றுள் மேஸ் எனப்படும் காமா கதிர்த் தொலைநோக்கியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; இருளின் அருமை அதனால் நன்கு விளங்கும். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த அது 2024ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் ஆடிப்பரப்பு 21 மீட்டர் குறுக்களவினது. காமா கதிர் நிலத்தை வந்து எட்டுவதில்லை. உயரத்தில் காற்றோடு மோதித் துகள்மழையாகச் சிதறிவிடும். அத்துகள்கள் காற்றினுள் ஒளி செல்லும் வேகத்தினும் மிக்க வேகத்தோடு பாய்வதால், மெல்லிய நீலமின்னல் ஒன்று பிறக்கும். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளே அதன் ஆயுள். கண்ணுக்குத் தோன்றாத அம்மின்னலையே அப்பேராடி பிடிக்கின்றது. இவ்வளவு நுண்ணிய ஒளியை வேட்டையாடும் இடத்தில், கீழே ஒரு வீட்டு முற்றத்தில் எரியும் வெள்ளை விளக்கு எத்துணை இடையூறாகும் என்பதை எண்ணிக்கொள்க.

விளக்கு தூரத்திலிருந்தும் கெடுப்பது எங்ஙனம் எனின், அதனையும் கூறுவோம். மேல்நோக்கிச் செல்லும் ஒளி வெறுமனே விண்ணில் மறைந்துபோவதில்லை. காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டு நாற்புறமும் சிதறுகின்றது; அச்சிதறலே நகரங்களின்மேல் நாம் காணும் மங்கிய வெளிச்சப் போர்வை. காற்று நீலவொளியைச் செவ்வொளியைக் காட்டிலும் மிகுதியாகச் சிதறடிக்கும். பகல்வானம் நீலமாயிருப்பதற்கும் இதுவே காரணம். அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கிற் பெருகுமாதலின், இக்காலத்து வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கின் நீலப்பகுதி, செம்மஞ்சள் ஒளியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். ஆகவே வானநூலார் ஊர்மக்களை விளக்கே ஏற்றாதீர் என்று கேட்கவில்லை. விளக்கிற்குத் தலைக்கவசம் இடுக; ஒளி நிலத்தை நோக்குக; நிறம் மஞ்சளாகுக; சாளரங்களுக்குத் தடித்த திரை தொங்கவிடுக; இரவில் வண்டியோட்டுவோர் முகவிளக்கைத் தாழ்த்துக. இவையே அவர்கள் வேண்டுகோள்.

இவ்வேண்டுகோளுக்கு 2022ஆம் ஆண்டில் அரசின் முத்திரை கிடைத்தது. அவ்வாண்டு சூன் திங்களில் லடாக் நிர்வாகத்தாரும், லே மலைப்பகுதி வளர்ச்சிக் கவுன்சிலாரும், வானியற்பியல் நிலையத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். திசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டர் நிலம் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வகைக் காப்பிடம் இதுவே முதலாவது. காடும் விலங்கும் காப்பதற்கு வேலியிட்டு மக்களை வெளியேற்றிய கதைகள் பலவற்றை நாம் கேட்டிருக்கின்றோம். இங்கு அங்ஙனம் நிகழவில்லை. சிற்றூர்களிலிருந்து 24 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு வானியல் தூதர் என்னும் பெயரோடு பயிற்சி பெற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். எட்டங்குல ஆடியுடைய டாப்சோனியன் தொலைநோக்கிகள் அவர்கட்கு அளிக்கப்பட்டன. வரும் வழிப்போக்கர்க்குச் சனியின் வளையத்தையும், ஆண்ட்ரோமீடாவின் விண்மீன் திரளையும், வியாழனின் நிலவுகளையும் காட்டிப் பொருள் ஈட்டுகின்றனர். தம் இல்லங்களிலேயே விருந்தினர்க்குத் தங்க இடமும் தருகின்றனர்.

இத்தொலைநோக்கியின் வரலாறும் அறியத்தக்கது. அதனை வகுத்த ஜான் டாப்சன் என்பார், அமெரிக்காவில் இராமகிருஷ்ண மடத்தின் வழிவந்த வேதாந்த சங்கத்தில் 23 ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவர். கழித்தெறிந்த கண்ணாடியையும் மரப்பலகையையும் கொண்டு தொலைநோக்கி செய்து, தெருவிற் செல்வாரை நிறுத்தி நிலவைக் காட்டினார். 1967ஆம் ஆண்டில் மடத்தைவிட்டு வெளியேறியபின் அதுவே அவர்தம் வாழ்நாட்பணியாயிற்று. ஏழையும் செய்துகொள்ளத்தக்க கருவி என்பதே அதன் சிறப்பு. அது மேய்ப்பர் குடியில் வந்து சேர்ந்தது பொருத்தமே.

வேட்கையினால் வானை நோக்குவோரைப் பொழுதுபோக்குவோர் என்று எளிதாகக் கருதிவிடலாகாது. வங்கநாட்டில் யசோகர் நகரத்துக் கருவூலத்திற் பணியாற்றிய இராதா கோவிந்த சந்திரர், பட்டம் பெறாதவர். இருந்தும் ஒளிமாறும் விண்மீன்களை இரவுதோறும் நோக்கி 37,000க்கு மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்கச் சங்கத்தார்க்கு அனுப்பினார். அவருடைய உழைப்பை மதித்து அச்சங்கத்தார் ஆறங்குலத் தொலைநோக்கியொன்றை 1926ஆம் ஆண்டில் அவர்க்கு இரவலாகக் கொடுத்தனர். அக்கருவி பின்னாளில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, முடிவில் நம் காவலூரை அடைந்தது. இம்மரபினரே இன்று ஹான்லேக்கும் வருகின்றனர். 2023ஆம் ஆண்டில் வானியற்பியல் நிலையத்தார் அவர்களை அழைத்து விண்மீன் விழாவொன்றை அங்கே நடத்தினர். நாட்டின் பல பகுதியினரும் தத்தம் தொலைநோக்கிகளையும் படப்பெட்டிகளையும் சுமந்துகொண்டு மலையேறினர். ஞாயிற்றொளி கோள்களிடையே கிடக்கும் தூசியிற் பட்டு மேல்வானில் கூம்புபோல் எழும் இராசிமண்டல ஒளி, நம் நகரத்தார் நூலில் மட்டுமே படித்தறிந்த பொருள். ஹான்லேயில் அதனைக் கண்ணாரக் காணலாம். 2024ஆம் ஆண்டு மே திங்களில் ஞாயிறு சீறியெழுந்தபோது, துருவநாடுகட்கே உரிய செவ்வொளி அவ்வூரின் வானத்திலும் படப்பெட்டிகளிற் பதிந்தது.

இவ்வளவும் நன்றே. ஆயினும் ஒரு வினா எழாமற் போகாது. மின்சாரம் நெடுங்காலம் அரிதாயிருந்த ஊரினரை, அது வந்தபின், விளக்கைத் தாழ்த்துக என்று கேட்பது நீதியாகுமா? இராப்பகல் தெரியாதவாறு ஒளி பெருக்கும் பெருநகரத்தார்க்கு இல்லாத நோன்பு இம்மலைமக்கட்கு மட்டும் ஏன்? ஹோஸ்கோட்டை அறையில் இருப்போர்க்குக் கட்டுரையும் பட்டமும் கிடைக்கும். படம்பிடிப்போர்க்குப் படம் கிடைக்கும். திரையை இழுத்துவிட்டு முற்றத்து விளக்கை அணைப்பவளுக்குக் கிடைப்பது யாது? இவ்வினாவைக் கேளாமல் ஹான்லேயைப் புகழ்வது அரைகுறைப் புகழ்ச்சி என்பது எம் கருத்து. அங்குள்ள ஏற்பாடு இதற்கு ஒரு விடையைத் தருகின்றது. இருளைக் காப்பவர்க்கே இருளால் வரும் ஊதியத்தையும், வானைப்பற்றிய அறிவையும் கொடுத்தலே அது. கட்டளைக்கு அஞ்சி அணைக்கும் விளக்கு ஒன்று. தன் தொலைநோக்கியின் பொருட்டுத் தானே அணைக்கும் விளக்கு மற்றொன்று. சுவிசேஷத்தில் விண்மீனைக் கணித்து வந்த கீழ்த்திசைச் சாஸ்திரிகளுக்குக் கிடைத்த காட்சி, இரவில் மந்தை காத்துக் கிடந்த மேய்ப்பர்க்கு மறுக்கப்படவில்லை என்பதை நம் நண்பர்கள் நினைவுகூர்வார்களாக.

ஆனால் ஊதியத்திலேயே இடரும் மறைந்திருக்கின்றது. இருளின் புகழ் பரவப் பரவ வருவோர் பெருகுவர். வருவோர் பெருகின் வண்டிகளும் விடுதிகளும் பெருகும். அவற்றோடு விளக்கும் பெருகும். மலைவளைவில் திரும்பும் ஒரு வண்டியின் முகவிளக்கு, பக்கத்திற் படம்பிடிப்போரின் ஒரு மணிநேர உழைப்பை ஒரு நொடியிற் கெடுத்துவிடும். வருவோர் தொகைக்கு ஓர் எல்லை வகுத்தல் இன்றியமையாதது என்றும், அவ்வெல்லையை வகுக்கும் உரிமை சிற்றூர் மக்களிடமே இருத்தல் தகும் என்றும் யாம் எண்ணுகின்றோம். எத்தனை விருந்தினர்க்குத் தம் நீரும் விறகும் போதும் என்பதை அவர்களே அறிவர்.

ஹான்லேயினாலும் காணவியலாத வானம் ஒன்றுண்டு. அவ்வூர் வடக்கே ஏறக்குறைய 33 பாகையில் இருப்பதால், துருவமீன் ஆங்கே அடிவானுக்கு மேல் 33 பாகை உயர்ந்து நிற்கும். நம் சென்னையிலோ 13 பாகையே. அதற்கு மாறாக, பொதிய முனிவன் பெயரைத் தாங்கிய அகத்திய மீன் அங்கே அடிவானுக்கு மேல் ஐந்து பாகைகூட எழுவதில்லை. ஒரு சிறு குன்று குறுக்கிட்டாலும் மறைந்துபோம். காவலூரில் அதே மீன் ஏறத்தாழ 25 பாகை எழுந்து, மார்கழி தை இரவுகளில் தென்வானில் நெடும்பொழுது நிலைத்து நிற்கின்றது. மகெல்லன் முகில்களையும், தென்சிலுவையையும் நோக்க விரும்பும் இந்நாட்டு வானநூலார், முகில் விலகும் திங்கள்களில் இன்றும் சவ்வாது மலைக்கே வரவேண்டியவராயிருக்கின்றனர்.