ஏரி, கூலிங் டவர், கடல்: பாசி வளரும் இடங்கள்

பாசி என்பது ஒரே குலத்தைச் சேர்ந்த உயிர்களின் பெயரன்று. உண்மையான வேரும் தண்டும் இலையும் இன்றி, ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் பலவகை எளிய உயிர்களை அச்சொல் ஒருங்கே குறிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று கார்த் தொழிலால் அறியப்பட்டாலும் அடிப்படையில் ஏரிகளின் நிலமேயாதலால், நன்னீர்ப் பாசிகளை அறிய அது ஏற்ற இடமாகும். தேங்கிய நீரில் வழவழப்பான பச்சை நூல்களாக மிதப்பது ஸ்பைரோகைரா. அதன் உயிரணுவினுள் பச்சையம் தாங்கிய பட்டை சுருள்வில்லைப் போல வளைந்து கிடப்பதை நுண்ணோக்கியில் காணலாம். கழிவுநீர் கலந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்துவிட்டாலோ, காற்றுப்பைகளின் உதவியால் மேலெழும் மைக்ரோசிஸ்டிஸ் நீர்ப்பரப்பில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் படர்ந்து, சில வேளைகளில் ஈரலைத் தாக்கும் நஞ்சையும் வெளியிடும். நீலப்பச்சைப் பாசி எனப்படும் இவ்வகை, உட்கரு அற்றதாகையால், உண்மையில் பாக்டீரியாவே.

வற்றும் நீர்நிலையின் ஈரச்சேற்றிலும் பாசி வளரும் என்பதற்கு, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) 1932இல் விவரித்த ஃபிரிட்சியெல்லா சான்றாகும்.

தொழிற்சாலைகள் பாசிக்குப் புதியதோர் உறைவிடத்தையும் அமைத்துத் தருகின்றன. இயந்திரங்களின் வெப்பத்தை ஏற்றுவரும் நீரைக் காற்றில் ஆறவிடும் கூலிங் டவரில் இளஞ்சூடு, ஈரம், வெயில் மூன்றும் ஒருங்கே கிடைக்கின்றன; நீர் ஆவியாக ஆவியாக எஞ்சும் நீரில் உப்புகள் செறிகின்றன; குழாய் துருப்பிடியாதிருக்க இடும் பாஸ்பேட் மருந்தே பாசிக்கு உரமாகிவிடுவதும் உண்டு, இது சற்று வேடிக்கையான முரண்தான். பாசி உரிந்து சென்று நீர் தெளிக்கும் துளைகளை அடைப்பதோடு, பாக்டீரியாக்களுக்கு உணவாகவும் அமைகிறது. ஆயினும் வெயில் எட்டாத உட்பகுதியில் அது வளர்வதில்லை. ஆதலால் குளோரின் இடுவதோடு, திறந்த மேல்தொட்டியை மூடி ஒளியைத் தடுப்பதும் நல்ல வழியாகும்.

கடலிலும் ஒளியே எல்லை வகுக்கிறது. நீரில் ஆழமாக ஊடுருவும் நீல, பச்சை ஒளியை ஈர்க்கும் செந்நிறமி உடைய சிவப்புப் பாசியொன்று பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில் 1984இல் கண்டறியப்பட்டது; எனினும் மன்னார் வளைகுடாவில் அகர் எடுக்கப் பயன்படும் கஞ்சிப்பாசி, சிவப்பினத்தைச் சேர்ந்ததாயினும், ஆழங்குறைந்த கரையோரத்தில்தான் வளர்கிறது. அவ்வளைகுடாவின் பழுப்புப் பாசியான கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் கிடைக்கிறது. துணி அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும், வெல்டிங் ராடின் மேற்பூச்சுக் கலவையை வழுக்கிச் செல்லும் பதத்திற்குக் கொண்டுவரவும் ஆல்ஜினேட் உதவுகிறது.