சுழலிக்கு மூச்சளிக்கும் குழாய்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, இயந்திரவியல் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு வினாவை எழுப்பினார். மாஸ்டா ஆர்.எக்ஸ். 7 காரின் டர்போ எஞ்சினில், காற்றை உள்ளே கொண்டுசெல்லும் மானிபோல்டை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்தினால் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பது அவ்வினா. அவர் எதிர்பார்த்தது ஓர் எண். நாம் எண் எதுவும் கூறவில்லை. அந்த எஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகிறது என்று தொடங்கிய பேச்சு, மண்டபத்தைப் பூட்ட வந்தவர் சாவியுடன் வாயிலில் காத்து நிற்கும் அளவுக்கு நீண்டது. அருகிருந்து கேட்ட அன்பர் சிலர் அதனை எழுதித் தருமாறு வேண்டியமையால் இக்கட்டுரை எழுந்தது.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சில சொற்கள். பெட்ரோல் வண்டிகளில் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குவதை யாவரும் அறிவர். செர்மனி நாட்டுப் பெலிக்ஸ் வாங்கெல் என்பார் இம்மேல்கீழ் இயக்கத்தையே விலக்க எண்ணினார். என்.எஸ்.யூ. நிறுவனத்தின் துணையுடன் அவருடைய முதற் சுழல் எஞ்சின் 1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓடியது. அந்நிறுவனத்துப் பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே எளிமைப்படுத்தித் தந்த வடிவமே பின்னர் நிலைபெற்றது. இடை சற்று ஒடுங்கிய நீள்வட்டம் போன்றதோர் உறை. அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி. சுழலியின் மூன்று முனைகளும் உறையின் உட்சுவரை எப்பொழுதும் தடவியவாறே சுற்றுகின்றன. இடையே அமையும் மூன்று அறைகளும் பெருத்தும் சிறுத்தும் காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியேற்றுகின்றன. வால்வு என்பதே இதில் இல்லை. காற்று நுழையும் துளையைச் சுழலியே தன் விலாவால் திறக்கிறது, தானே மூடுகிறது.

சொல்வதற்கு எளிது. ஹிரோஷிமா நகரத்துத் தோயோ கோக்யோ நிறுவனம், அதாவது இன்றைய மாஸ்டா, 1961ஆம் ஆண்டு இதற்கு உரிமம் பெற்றது. 1963இல் கெனிச்சி யமமோட்டோ என்பாரின் தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்கெனவே அமர்த்தப்பெற்றனர். சுழலியின் முனைகளில் செருகிய அடைப்புத் தகடுகள் அதிர்ந்து, உட்சுவரில் வரிவரியாகத் தடம் பதித்தன. அத்தடங்களுக்குப் 'பேயின் நகக்கீறல்' என்றே அவர்கள் பெயரிட்டனர். கரியில் அலுமினியம் ஊட்டிய தகடுகளைக் கண்டு அதனை வென்ற பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்னும் இரு சுழலிக் கார் விற்பனைக்கு வந்தது. இத்தகடுகளை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மானிபோல்டைப் பற்றிய நம் பேச்சு இவற்றினிடமே வந்து சேரும்.

இளைஞர் கேட்ட எஞ்சின் 1991 முதல் 2002 வரை உருவான ஆர்.எக்ஸ். 7 காரின் 13 பி. இதில் இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றின் அறையும் 654 கன சென்டிமீட்டர், ஆக 1,308. சிறிய எஞ்சின் என்று தோன்றும். ஆயின், பிஸ்டன் எஞ்சினில் ஓர் உருளை தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் காற்றை இழுக்கும். இங்கே ஒவ்வொரு சுழலியும் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அறை நிறைய இழுக்கிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்று எனின் 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். அக்காற்றையும் டர்போக்கள் இரண்டு அழுத்தித் திணிக்கின்றன. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் உழைக்கும். வேகம் ஏறிய பின் மற்றதும் துணைக்கு வரும்.

இத்தனை காற்றையும் இரு சுழலிகளுக்கும் பங்கிட்டு அளிப்பது மானிபோல்டு. எஞ்சினின் நடு உறையில் சுழலிக்கு ஒன்றாக இரு சிறு வாயில்களும், முன் பின் உறைகளில் ஒவ்வொன்றாக இரு பெரு வாயில்களும் உள்ளன. ஆதலின் கிளைகள் நான்கு. மெதுவாக ஓட்டும்போது நடுக் கிளைகள் மட்டும் திறந்திருக்கும். ஒடுங்கிய வழியில் காற்று விரைந்து செல்வதால் பெட்ரோல் நன்கு கலக்கும். மிதியை ஆழ மிதித்தால் வெளிக் கிளைகளும் திறந்துகொள்ளும். வீட்டில் ஒருவர் இருக்கும்போது ஒற்றைக் கதவையும், விருந்தினர் திரண்டால் இரட்டைக் கதவையும் திறப்பது போன்ற ஏற்பாடு.

இக்கிளைகளின் நீளம் தற்செயலாக அமைந்ததன்று. வாயில் திறந்து மூடுந்தோறும் குழாயினுள் அழுத்த அலை ஒன்று எழுந்து ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. அவ்வலை மற்றொரு சுழலியின் வாயில் மூடுவதற்குச் சற்று முன்னர் அங்கே சென்று சேருமாயின், இன்னும் ஒரு வாய் காற்றை உள்ளே தள்ளிவிடும். 1980களில் டர்போ இல்லாத 13 பி எஞ்சின்களில் மாஸ்டா பொறியாளர்கள் இதனையே பயன்படுத்தினர். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 366 மீட்டர் செல்லும். இரு சுழலிகளும் தண்டின் அரைச் சுற்று இடைவெளியில் இயங்குகின்றன. 6,000 சுற்றில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 200இல் ஒரு பங்கு. அதற்குள் அலை 1.8 மீட்டர் ஓடும். 3,000 சுற்றிலோ 3.6 மீட்டர். ஆகவே ஒரே நீளம் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. புல்லாங்குழலில் ஓசை மேலேற வேண்டுமானால் துளைகளைத் திறந்து காற்றுத் தம்பத்தைச் சுருக்குகிறார்கள் அன்றோ? அவ்வாறே உயர்ந்த வேகத்துக்குக் குறுங்கிளையும், தாழ்ந்த வேகத்துக்கு நெடுங்கிளையும் ஏற்றவை. டர்போ அழுத்தத்தால் இக்கணக்கு மாறாது. காற்றில் ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பமே.

இதற்குச் சிறந்த சான்று டர்போவே இல்லாத ஒரு பந்தயக் காரில் உள்ளது. 1991ஆம் ஆண்டு சூன் 22, 23 நாட்களில் பிரான்சு நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 362 சுற்று ஓடி முதலிடம் பெற்ற மாஸ்டா 787 பி காரில் நான்கு சுழலிகள் இருந்தன. அதன் காற்றுக் குழல்கள் எஞ்சினின் வேகத்துக்கேற்பத் தாமே நீண்டும் குறுகியும் நகர்ந்தன. அத்தகைய ஏற்பாட்டைத் தெருவில் ஓடும் காரில் எதிர்பார்க்க இயலாது. அங்கே ஏதேனும் ஒரு நீளத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

கடைகளில் விற்கப்படும் மாற்று மானிபோல்டுகளிற் பல குறுகிய கிளைகளும், பெரிய காற்றுத் தொட்டியும், அகன்ற ஒற்றைத் திறப்பும் உடையவை. இரட்டை டர்போக்களை அகற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றை வைத்து, எஞ்சினை எந்நேரமும் உயர்ந்த சுற்றில் ஓட்டும் பந்தயக்காரருக்கு இவை தகும். ஆலையில் வைத்த டர்போக்களையும் அவற்றின் அழுத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டு இதனை மட்டும் மாற்றுவோருக்கு மேலே கிடைப்பது சிறிது. கீழே, கடைத்தெரு வேகத்தில், இழப்பது சற்று மிகுதி. பொருட்செலவு செய்வோர் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முதலிற் கவனிப்பதே நலம் என்பது நம் கருத்து.

இன்னொன்றும் கூற வேண்டும். இக்காரில் இரு டர்போக்களையும் முறைமாற்றும் மெல்லிய ரப்பர்க் குழாய்கள் மானிபோல்டின் மேற்பகுதிக்கு அடியில் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. எஞ்சின் வெப்பத்தில் ஆண்டாண்டாக வெந்து அவை கட்டை போல் இறுகி வெடித்துவிடும். இரண்டாம் டர்போ உரிய நேரத்தில் விழிக்காமல் வண்டி சோர்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். அத்தகைய வண்டிக்குப் புதிய மானிபோல்டு வாங்குவது, பசித்திருக்கும் பிள்ளைக்குப் பட்டுச் சட்டை தைப்பது போலாகும். மேற்பகுதியை எதற்காகக் கழற்றினாலும் குழாய்களை மாற்றாமல் மூடலாகாது.

அடைப்புத் தகடுகளுக்கு இப்போது வருவோம். ஆர்.எக்ஸ். 7 எஞ்சினின் கணினி, உள்ளே செல்லும் காற்றை நேரே அளப்பதில்லை. மானிபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் வெப்பம், தண்டின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு, இவ்வளவு காற்று சென்றிருக்கும் என ஊகித்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. அவ்வூகம் பழைய மானிபோல்டுக்கு உரியது. புதியது தடையின்றிக் காற்றை விடுமாயின், அழுத்தமானியில் அதே அளவு காட்டினும் உள்ளே செல்வது மிகும். கணினி அதனை அறியாது. பழைய அளவே ஊற்றும். சான்றாக, முழு அழுத்தத்தில் 11 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் இருந்த இடத்தில் காற்று மட்டும் பத்திலொரு பங்கு கூடினால், கலவை 12.1 பங்குக்கு 1 என வறண்டுவிடும். வறண்ட கலவை வெப்பம் மிகுந்து, சீராக எரியாமல் ஒருங்கே வெடிக்கும். பிஸ்டன் எஞ்சின் இத்தகைய அடியைச் சில முறையாவது தாங்கும். இங்கோ அடி விழுவது இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள முனைத் தகட்டின் மேல். அது முறிந்தால் துண்டுகள் உறையைக் கீறி, வெளியேற்றும் வழியே பறந்து டர்போவின் சக்கரத்தையும் சிதைக்கும். 47 பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் காப்பாற்றிய அந்த முனை, ஒரு நொடியில் போய்விடும்.

பங்கீட்டில் தவறு நேரினும் இதே விளைவுதான். தொட்டியின் ஒரு கோடியிலிருந்து காற்று விரைந்து புகும் மானிபோல்டுகளில், அருகிலுள்ள கிளையைத் தாண்டி ஓடி எதிர்ச் சுவரில் மோதும் காற்று தொலைவிலுள்ள கிளைக்கு மிகுதியாகச் செல்லக்கூடும். பெட்ரோலோ இருவருக்கும் சமமாகவே ஊற்றப்படுகிறது. புகைக்குழாயில் ஒரே இடத்தில் வைத்த கருவி இரண்டின் சராசரியைத்தான் காட்டும். ஒரு சுழலி நனைந்தும் மற்றது வறண்டும் ஓட, கருவி எல்லாம் நலமே என்று கூறிக்கொண்டிருக்கும். கீழ் மானிபோல்டு பல உறைத் துண்டுகளை அடுக்கி அமைத்த முகத்தில் பொருந்துவதால், அம்முகம் மட்டமாக இல்லாவிடில் ஒரு கிளை மட்டும் கசிவதும் உண்டு. கடையில் பளபளவென்று தேய்த்துத் தருவதைக் கண்டு மயங்குவோர், இந்த மட்டத்தைப் பார்க்க ஒரு நேர்கோலை எடுப்பதில்லை.

ஆகையால் மானிபோல்டை மாற்றுவோர் கணினியின் பெட்ரோல் அட்டவணையையும் உடனே புதிதாக அமைக்க வேண்டும். முதலில் குறைந்த அழுத்தத்தில், பெட்ரோல் மிகுதியாக விட்டு ஓட்டிப் பார்த்து, பின்னரே சிறிது சிறிதாக ஏற்றுவது முறை. அதற்கு முன் முழு மிதி மிதிப்பதில்லை என்ற உறுதி வேண்டும். இளைஞர்களுக்கு அதுதான் கடினம் என்பதை நாம் அறிவோம்.

இவ்வளவும் கேட்டபின் நம் நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பூட்ட வந்தவர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கலானார். படியிறங்கும்போது, "இரு சுழலிகளின் புகை வாயிலிலும் தனித்தனி வெப்பமானி பொருத்த இயலுமா, ஐயா?" என்று கேட்டார். இயலும் என்றோம்.